சாயம் ஓடும் நேரம்

கையின் சிரையில் ஃப்ளூரசீன் என்ற மஞ்சள் சாயத்தைச் செலுத்தி, அது விழித்திரையின் ரத்தக்குழாய்களுக்குள் வந்து நிறைந்து வடியும் வரை நொடிக்கு நொடி படமெடுக்கும் சோதனை ஃபண்டஸ் ஃப்ளூரசீன் ஆஞ்சியோகிராபி. கண் மருத்துவமனைகளில் எஃப்.எஃப்.ஏ. என்பார்கள், டோக்கன் கூப்பிடும் இடத்தில் அது இன்னும் சுருங்கி வெறும் ‘ஆஞ்சியோ’ ஆகிவிடும். முதல் சிக்கல் அங்கேயே தொடங்குகிறது. அந்தச் சொல்லை இருதயத்தோடு மட்டுமே சேர்த்துக் கேட்டுப் பழகிய நோயாளி, தொடை வழியாகக் குழாய் விடுவார்களோ, கண்ணுக்குள்ளேயே ஊசி போடுவார்களோ என்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே வேர்த்துப்போவார். கண்ணில் சொட்டு மருந்து, முழங்கை மடிப்பில் ஒரு ஊசி, பிறகு கேமரா முன் கொஞ்ச நேரம். இதைச் சொல்லிப் புரியவைப்பதும் இந்த வேலையில் சேர்த்திதான்.

சாயம் கண்ணுக்காகப் பிறந்ததல்ல. 1871இல் ஜெர்மன் வேதியியலர் அடால்ஃப் ஃபான் பேயர், தாலிக் அன்ஹைட்ரைடையும் ரிசார்சினாலையும் சேர்த்துச் சூடாக்கி இதைத் தயாரித்தார். அதற்குப் பேர் வாங்கித் தந்த ஆரம்பகால வேலைகளில் ஒன்று, ஓர் ஆற்றின் ஒழுக்கைக் கண்டுபிடித்தது. தெற்கு ஜெர்மனியில் இம்மெண்டிங்கன் ஊருக்கு அருகே டான்யூப் ஆற்று நீர் படுகையின் வெடிப்புகளுக்குள் இறங்கி மறைந்துவிடும். எங்கே போகிறது என்று பார்க்க 1877இல் பத்துக் கிலோ ஃப்ளூரசீனை அங்கே கொட்டினார்கள். சுமார் 60 மணி நேரம் கழித்து, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தள்ளி, ஆஹ் என்ற ஊற்றில் தண்ணீர் பச்சையாக ஒளிர்ந்தது. கண்ணுக்குள்ளும் அது பார்ப்பது இதே வேலையைத்தான்: எந்தக் கரை ஒழுகுகிறது, ஒழுகியது எங்கே போய்த் தேங்குகிறது என்று காட்டுவது. மணிக்கணக்கு இங்கே நொடிக்கணக்காகிவிடுகிறது.

மனித விழித்திரையில் இந்தச் சாயத்தின் ஓட்டத்தைப் படமெடுக்கும் முறையை 1960இல் இண்டியானா பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர்கள் ஹரால்டு நொவாட்னி, டேவிட் ஆல்விஸ் இருவரும் செய்து காட்டினார்கள். இருவரும் அப்போது இருந்தது கண் மருத்துவத் துறையில்கூட அல்ல. பொது மருத்துவப் பேராசிரியர் ஜான் ஹிக்கமின் ஆய்வகத்தில். யார் கையை நீட்டுவது என்று நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். ஆல்விஸ் தோற்றார், அவருக்கு ஊசி போட்டு நொவாட்னி படமெடுத்தார். கட்டுரையைக் கண் மருத்துவ இதழ் திருப்பி அனுப்பிவிட, 1961இல் ‘சர்குலேஷன்’ என்ற இதய மருத்துவ இதழில் அது வெளியானது. அறுபதுகளின் பிற்பாதியில் மயாமியில் டொனால்டு காஸ் இந்தப் படங்களை விழித்திரையின் மையப்பகுதியான மாகுலாவின் நோய்களோடு ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டிய பிறகுதான், எடுத்த படத்தை வாசிக்க ஓர் அகராதி கிடைத்தது.

ஃப்ளூரசீன் நீல ஒளியை உள்வாங்கி மஞ்சள் கலந்த பச்சையை உமிழும். உள்வாங்குவது சுமார் 465 முதல் 490 நானோமீட்டர் வரை. உமிழ்வது 520 முதல் 530 வரை. கேமராவில் இரண்டு வடிகட்டிகள் இருக்கும். ஃபிளாஷுக்கு முன்னால் இருப்பது நீலத்தை மட்டும் கண்ணுக்குள் அனுப்பும். திரும்பி வரும் வழியில் இருப்பது நீலத்தைத் தடுத்துப் பச்சையை மட்டும் விடும். ஆக, சாயம் இருக்கும் இடம் வெள்ளை, இல்லாத இடம் கறுப்பு. வடிகட்டிகள் பழசாகி இரண்டின் எல்லைகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால், சாயமே இல்லாத இடமும் வெளுத்துத் தெரியும். அதனால்தான் ஊசி போடுவதற்கு முன்பே அதே வடிகட்டிகளோடு ஒரு படம் எடுத்து வைப்பது கட்டாயம். அவசரத்தில் பலர் தாண்டிவிடும் படி இது. பார்வை நரம்புத் தட்டில் ட்ரூசன் என்ற சுண்ணாம்புத் திட்டுகள் உள்ளவருக்கு அவை சாயம் இல்லாமலே ஒளிரும். முன்படம் இல்லாவிட்டால் அதைக் கசிவு என்று வாசித்து, நரம்பு வீக்கம் என்று எழுதி, மூளை ஸ்கேனுக்கு அனுப்பிவிட வாய்ப்புண்டு.

இந்தச் சோதனை சாத்தியமாவதே கண்ணின் இரண்டு வேலிகளால்தான். ரத்தத்தில் கலந்த சாயத்தில் 80 சதவீதம் போல ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். மீதி தனியாகத் திரியும். அதன் மூலக்கூறு எடை 376 மட்டுமே என்பதால் உடம்பின் பெரும்பாலான தந்துகிகளில் தாராளமாக வெளியேறும். தோல் மஞ்சளாவது அப்படித்தான். விழித்திரையின் தந்துகிகளிலோ உட்சுவர்ச் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பூட்டிக் கிடப்பதால் சாயம் வெளியே வராது. இது உள்வேலி. விழித்திரைக்குப் பின்னால் உள்ள கோராய்டின் தந்துகிகளில் துளைகள் உண்டு. அங்கே சாயம் வெள்ளமாகக் கசியும். அந்த வெள்ளம் விழித்திரைக்குள் ஏறாமல் தடுப்பது நடுவில் இருக்கும் நிறமி எபிதீலியம் என்ற ஒற்றை அடுக்குச் செல்கள். இது வெளிவேலி. நல்ல கண்ணின் விழித்திரையில் சாயம் குழாய்க்குள் வந்து, குழாய்க்குள்ளேயே போய்விடும். வெளியே எங்காவது தெரிந்தால் இரண்டில் ஒரு வேலி உடைந்திருக்கிறது என்று பொருள்.

சோதனை நாளில் பாதி வேலை ஊசிக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். டிராபிகமைடும் ஃபினைலெஃப்ரினும் கலந்த சொட்டு விட்டு அரை மணி நேரமாவது காத்திருந்தால்தான் பாப்பா விரியும். சோதனைக்கு முன் கருவிழியைத் தொட்டுக் கண் அழுத்தம் பார்ப்பது, ஜெல் வைத்துக் கண்ணாடி பொருத்திப் பார்ப்பது இரண்டையும் தவிர்க்க வேண்டும். கருவிழி மேல் ஒரு பூச்சு படிந்துவிட்டால் எந்தக் கேமராவாலும் கூர்மையான படம் எடுக்க முடியாது. மேசை மேல் ஒவ்வாமைக்கான ‘அவில்’, ஹைட்ரோகார்டிசோன், அட்ரினலின் ஊசிகளும் பக்கத்தில் ஆக்சிஜனும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான நாட்களில் அவை தொடப்படாமலே கிடக்கும் என்பது வேறு விஷயம்.

சாயம் வழக்கமாக 500 மில்லிகிராம் அளவில் போகும். பத்து சதவீதக் கரைசலானால் 5 மில்லி, இருபது சதவீதமானால் 2.5 மில்லி. நீண்ட நாள் நீரிழிவுக்காரருக்குச் சிரை கிடைப்பதே பெரும்பாடு. “நரம்பு கிடைக்காதும்மா, போன தடவை நாலு இடத்துல குத்துனாங்க” என்று சட்டையை மடித்துக்கொண்டே எச்சரிப்பார்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவரானால் அதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையைத் தொடக்கூடாது. சாய அளவையும் பாதியாகக் குறைப்பதுண்டு. ஊசி சிரைக்குள் இருக்கிறதா என்பதை ரத்தம் பின்னுக்கு வருகிறதா பார்த்து, கொஞ்சம் சலைன் விட்டு உறுதி செய்த பிறகே சாயம் ஏற்ற வேண்டும். சாயம் காரத்தன்மை உள்ளது. சிரைக்கு வெளியே இறங்கினால் எரிச்சல் தாங்க முடியாது. தோல் புண்ணாகவும் கூடும்.

ஊசி போடுபவரும் படமெடுப்பவரும் ஒரே மூச்சில் இயங்க வேண்டிய வேலை இது. “போடுறேன்” என்ற சொல் கேட்டதும் கேமராவின் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஐந்தாறு நொடிக்குள் சாயம் முழுவதும் ஏறிவிட வேண்டும். சிரை மெலிதாக இருக்கிறதே என்று பயந்து இருபது நொடி இழுத்தால், கண்ணில் சாயம் நிறைவதும் இழுபடும். அந்தப் படத்தை மட்டும் பார்க்கும் மருத்துவர், கழுத்துத் தமனியில் அடைப்போ என்று சந்தேகிப்பார். குறை கழுத்தில் இல்லை, ஊசி போட்ட கையில். ஊசி மெதுவாகப் போனது என்று ஒரு வரி எழுதி வைக்கும் பழக்கம் இதற்காகத்தான் வந்தது.

இன்னொன்று, முதல் ஓட்டத்தை ஒரு கண்ணில் மட்டுமே முழுசாகப் பிடிக்க முடியும். வலதா இடதா என்று சீட்டில் தெளிவாக இல்லாவிட்டால், கேட்டுவிட்டு வரும் வரை ஊசியைக் கையில் எடுக்கக்கூடாது. தவறான கண்ணை முதலில் பிடித்துவிட்டால் அந்த முதல் நொடிகள் திரும்ப வராது. மறுபடி பார்க்க வேண்டுமானால் இன்னொரு நாள், இன்னொரு ஊசி.

ஆரோக்கியமான கண்ணில் சாயம் வரும் வரிசை பிசகாதது. எட்டு முதல் பன்னிரண்டு நொடிக்குள் கோராய்டு திட்டுத் திட்டாக ஒளிர ஆரம்பிக்கும். சிலருக்குக் கோராய்டுப் பக்கத்திலிருந்தே மாகுலாவுக்கு ஒரு தனித் தமனி கிளம்பும். அதுவும் இப்போதே நிறைந்துவிடும். மையத் தமனி அடைப்பில் பார்வையின் ஒரு துண்டையாவது காப்பாற்றிக் கொடுப்பது இந்தச் சின்னக் குழாய்தான். ஓரிரு நொடி கழித்து விழித்திரைத் தமனிகள் வெள்ளைக் கோடுகளாகப் பாயும். பிறகு சிரைகள்; ஆனால் ஒரேயடியாக அல்ல. கிளைச் சிரைகளிலிருந்து வரும் சாயம் பெரிய சிரையின் இரு கரையை ஒட்டி ஓட, நடுவில் கறுப்பு வரி நிற்கும். வெவ்வேறு நிறத் தண்ணீர் உள்ள இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் கொஞ்ச தூரம் கலக்காமல் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அரை நிமிடத்துக்குள் சிரைகள் முழுவதும் நிறைந்துவிடும். மாகுலாவின் நடுவில், ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அகலத்துக்குக் குழாயே இல்லாத வட்டம் ஒன்று கறுப்பாகத் தெரியும். அதைச் சுற்றிய தந்துகி வலை கூர்மையாகப் பதிவாகும் தருணம் இருபது நொடியையொட்டிய ஒன்றிரண்டு படங்களில் மட்டுமே கிடைக்கும். நோயாளிக்குக் குமட்டல் வருவதும் பெரும்பாலும் இந்தச் சமயத்தை ஒட்டித்தான்.

“தாடையை நல்லா வைங்க, நெத்தியை ஒட்டிக்கோங்க, வாயால மூச்சு விடுங்க, ரெண்டு நிமிஷத்துல சரியாயிடும்” என்று பேச்சு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும்; விரல் மட்டும் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும். முதல் அரை நிமிடம் நொடிக்கு ஒரு படம். அதன்பின் அடுத்த கண். பிறகு மேலே, கீழே, இடது, வலது என்று ஓரங்கள். ஐந்தாம் நிமிடத்தில் சில, பத்தாம் நிமிடத்தில் சில. கடைசிப் படங்களுக்குள் நோயாளிக்குச் சலிப்பு வந்துவிடும், வரிசையில் அடுத்தவர் காத்திருப்பார், எட்டு நிமிடத்தில் முடித்துவிடலாமே என்று தோன்றும். அங்கே அவசரப்படுவது இந்த வேலையின் மிகப் பெரிய தவறு. கசிவு என்பது ஒரு படத்தில் தெரிவதல்ல. முதல் நிமிடத்தில் இருந்த வெளிச்சமும் பத்தாம் நிமிடத்தில் இருக்கும் வெளிச்சமும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படும்போது கிடைக்கும் விடை அது.

படத்தை வாசிக்கும் முறை முழுவதும் இந்த ஒப்பீட்டில் நிற்கிறது. நேரம் ஆக ஆக வெளிச்சம் பரப்பிலும் பெருகி, ஓரமும் மங்கினால் கசிவு. பரப்பு ஓர் எல்லைக்குள் நின்று, உள்ளே மட்டும் நிறைந்தால் தேங்கல். திசுவிலேயே சாயம் ஏறி, அளவு மாறாமல் பளிச்சென்று தங்கினால் கறை. நிறமி எபிதீலியம் தேய்ந்த இடத்தில் கோராய்டின் வெளிச்சம் ஜன்னல் வழியே வருவதுபோல் தெரியும்; கோராய்டு மங்கும்போது அதுவும் மங்கிவிடும். கறுப்புக்கும் இரண்டு காரணங்கள் உண்டு: சாயம் வரவில்லை, அல்லது வந்த சாயத்தை மேலே கிடக்கும் ரத்தமோ நிறமியோ மறைக்கிறது. பார்வை நரம்புத் தட்டின் விளிம்பு இயல்பான கண்ணிலும் கடைசியில் லேசாகக் கறை ஏறும். புதிதாக வாசிக்கப் பழகுபவர் எல்லாரும் ஒரு தடவையாவது அதைக் கசிவு என்று எழுதியிருப்பார்கள்.

தமிழ்நாட்டின் ஆஞ்சியோ அறைகளில் நாற்காலியில் உட்கார்பவர்களில் நீரிழிவுக்காரர்கள் ஏராளம். சாதாரண வண்ணப் படத்தில் சிவப்புப் புள்ளிகளாக மட்டும் தெரிபவை இங்கே இரண்டாகப் பிரியும். தந்துகிச் சுவரின் நுண்புடைப்பு வெள்ளைப் புள்ளியாக ஒளிரும்; ரத்தக்கசிவுப் புள்ளி கறுப்பாகவே நிற்கும். தந்துகிகள் அழிந்த இடங்கள், வெட்டிய கிளைகளைப் போல முடியும் குழாய்களுக்கு நடுவே மங்கிய கறுப்புத் திட்டுகளாகத் தெரியும். அந்தத் திட்டுகளின் ஓரத்தில் புதிதாக முளைக்கும் குழாய்களுக்கு உள்வேலி கிடையாது. சாயம் புகை போலப் பொங்கி வழியும். விழித்திரைக்குள்ளேயே கோணலாக வளரும் பழைய தந்துகிகளும் வண்ணப் படத்தில் கிட்டத்தட்ட இதே மாதிரி இருக்கும், ஆனால் அவை அவ்வளவு வழியாது. லேசர் வேண்டுமா, காத்திருக்கலாமா என்ற முடிவு இந்த வித்தியாசத்தில் தொங்குகிறது. பார்வை குறைந்ததற்குக் காரணம் வீக்கமா, மாகுலாவுக்கு ரத்தம் போகாததா என்பதும் இங்கேதான் தெளியும். நடுவிலுள்ள கறுப்பு வட்டம் பெரிதாகி விளிம்பு கிழிந்திருந்தால், ஊசி மருந்தால் வீக்கம் வடிந்தாலும் பார்வை அவ்வளவாகத் திரும்பாது. நோயாளியிடம் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டியிருக்கும்.

மற்ற நோய்களுக்கும் தனித்தனிக் கையெழுத்து உண்டு. நடுவயது ஆண்களுக்கு அதிகம் வரும் சென்ட்ரல் சீரஸ் நோயில், நிறமி எபிதீலியத்தின் ஒரு சிறு ஓட்டை முதலில் புள்ளியாகத் தெரியும். பெரும்பாலும் அது தாளில் விழுந்த மைத்துளி போல மெல்லப் பரவும். சிலருக்கு மட்டும் புகைபோக்கியிலிருந்து கிளம்புவதுபோல மேலே எழும்பி, உச்சியில் குடையாக விரியும். பாடநூல்களில் எப்போதும் இந்த அழகான படம்தான் இருக்கும். அறையில் அது எப்போதாவதுதான் கிடைக்கும். கண்புரை அறுவைக்குப் பின் வரும் மாகுலா வீக்கத்தில் கடைசிப் படத்தில் பூவிதழ் வடிவம் விரியும். சிரை அடைப்பில், ரத்தம் பரவிக் கிடக்கும்போது எடுத்தால் கறுப்பு முழுக்க மறைப்பா, ரத்த ஓட்டம் இல்லாததா என்று பிரிக்க முடியாது. ரத்தம் வற்றும் வரை காத்திருப்பதே நல்லது. பர்மிங்ஹாமில் ஹென்றி ஈல்ஸ் 1880இல் விவரித்த நோய் இந்தியத் துணைக்கண்டத்தில் இளைஞர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. அதில் நடு விழித்திரை சாதாரணமாக இருக்க, ஓரத்தில் ஒரு பகுதி முழுவதும் ரத்தம் இல்லாமல் கிடக்கலாம். ஓரப் படங்களைச் சோம்பலில் விட்டால் நோயே விட்டுப்போகும்.

ஃபிலிம் காலத்தில் இந்த முடிவுகள் எதுவும் உடனே தெரியாது. 36 படம் கொண்ட கறுப்பு வெள்ளைச் சுருள் ஒன்று. இருட்டறையில் கழுவி, உலர்த்தி, விளக்குப் பெட்டியின் மேல் நெகட்டிவை வைத்து லென்ஸால் பார்த்தால்தான் கண்ணிமை மறைத்ததா, குவியம் தப்பியதா என்பது தெரியும். நோயாளி அதற்குள் ஊர் பஸ் ஏறியிருப்பார். டிஜிட்டல் வந்த பிறகு தவறு அப்போதே திரையில் தெரிகிறது. ஆனால் சாயம் அதற்காக நின்று காத்திருப்பதில்லை.

பக்க விளைவுகளில் குமட்டலும் வாந்தியும்தான் அதிகம். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். தோலில் தடிப்பும் அரிப்பும் சிலருக்கு வரும். 1986இல் அமெரிக்காவில் வெளியான பெரிய கணக்கெடுப்பு ஒன்றில் நடுத்தர எதிர்விளைவு 63இல் ஒருவருக்கும், கடுமையானது 1,900இல் ஒருவருக்கும், மரணம் 2,22,000இல் ஒருவருக்கும் என்று கணக்கிட்டார்கள். அறையில் உடனடியாகப் பிரித்தறிய வேண்டியது ஒன்று உண்டு: ஊசியைப் பார்த்தே மயங்குபவருக்கு நாடி மெதுவாகும், படுக்க வைத்துக் காலைத் தூக்கினால் தெளிவார், ஒவ்வாமை அதிர்ச்சியில் நாடி வேகமெடுக்கும், மூச்சு இழுக்கும், அங்கே முதல் மருந்து அட்ரினலின். கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுவார்கள். சாயம் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் ஒன்றரை நாள் வரை சிறுநீர் அடர் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ போகும். தோலின் மஞ்சள் சில மணி நேரத்தில் மறையும். இதை முன்பே சொல்லாவிட்டால் மறுநாள் காலையில் “மஞ்சள்காமாலை வந்துடுச்சு சார்” என்று ஃபோன் வருவது நிச்சயம். ஃபிளாஷ் முடிந்த சில நிமிடங்களுக்கு எல்லாம் செந்நிறமாகத் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

கோராய்டின் நோய்களுக்கு ஃப்ளூரசீன் போதாது. அங்கே அது கசிந்து எல்லாவற்றையும் மூடிவிடும். அதற்கு இண்டோசயனின் கிரீன் என்ற பச்சைச் சாயம் பயன்படுகிறது. இது 98 சதவீதம் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் கோராய்டின் குழாய்களிலேயே தங்கும். 800 நானோமீட்டரைத் தாண்டிய அகச்சிவப்பில் ஒளிர்வதால் மெல்லிய ரத்தத்தையும் நிறமியையும் ஊடுருவித் தெரியும். ஆசியர்களிடம் அதிகம் காணப்படும் பாலிபாய்டல் என்ற கோராய்டு நோயில், கொத்தாகத் தொங்கும் குழாய் முடிச்சுகளை இந்தச் சாயம் பளிச்சென்று காட்டிவிடும். இது ஈரல் வழியாக வெளியேறும். இதில் அயோடின் கலந்திருப்பதால், அயோடின் ஒவ்வாமை உண்டா என்று கேட்காமல் போடக்கூடாது. ஃப்ளூரசீனில் அயோடின் இல்லை.

1991இல் ஓ.சி.டி. ஸ்கேன் அறிவிக்கப்பட்ட பிறகு மாகுலா வீக்கத்தைப் பார்க்க மட்டும் சாயம் ஏற்றுவது குறைந்துவிட்டது. விழித்திரையின் தடிப்பை மைக்ரான் கணக்கில் அளக்கும் ஸ்கேன் இருக்கும்போது ஊசி எதற்கு என்று நோயாளியே கேட்கிறார். அடுத்து வந்த ஓ.சி.டி. ஆஞ்சியோகிராபி, ஓடும் ரத்த அணுக்களின் அசைவை வைத்தே குழாய் வலையை வரைந்துவிடுகிறது. ஊசி இல்லை, குமட்டல் இல்லை, தந்துகி வலை சாயப் படத்தைவிடக் கூர்மை. ஆனால் அது அசைவை மட்டுமே பார்க்கிறது. சுவர் தாண்டி வெளியே வந்து நிற்கும் திரவம் அதன் கணக்கில் வராது. ரத்தக்குழாய் அழற்சியில் எந்தச் சுவர் இப்போது ஒழுகுகிறது, கொடுத்த மருந்தில் ஒழுக்கு நின்றதா என்று அறிய வேண்டிய நாட்களில், சீட்டில் மறுபடியும் எஃப்.எஃப்.ஏ. என்றே எழுதுகிறார்கள். இப்போதைய அகலக்கோணக் கேமராக்கள் ஒரே படத்தில் 200 டிகிரி வரை பிடிப்பதால் ஓரங்களுக்காக நோயாளியின் கண்ணை நாலு பக்கமும் திருப்பச் சொல்லும் வேலை பெருமளவு குறைகிறது. பத்தாம் நிமிடப் படத்துக்காகக் காத்திருக்கும் வேலை மட்டும் அப்படியே இருக்கிறது.